ஆறு துண்டு பெனியன்

வறுத்தலைவிளானில் என் நாலு பரப்பையும்
இருபத்தேழு வருஷம் கழித்துத் தந்தபோது
மேல்மண் இல்லை.
வழித்தெடுத்து அணை கட்டியிருந்தார்கள்.
பிறகு அந்த அணையையும் ஆரோ
லொறி லொறியாய் ஏற்றிப் போயிருந்தார்கள்.
மிஞ்சியது
டோசர் பல்லுப் பதிந்த அடிமண்,
முழங்கால் முட்டிபோலத் துருத்திய சுண்ணக்கல்,
தூர்ந்த கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஓர் இப்பிலிப்பில்.
பார்த்தீனியம் மட்டும் பவுசாய்ப் பூத்திருந்தது.

மண் செத்ததோ, மயங்கிக் கிடக்கிறதோ
அறிய ஒரு வழி சொன்னான் குணபாலன்,
விவசாயக் கந்தோரில் வேலை:
"தனிப் பருத்தித் துணியைத் தாட்டு வையுங்கோ.
ரெண்டு மாசத்தால கிளப்பிப் பாருங்கோ.
உயிருள்ள மண் தின்னும்.
செத்த மண் திருப்பித் தரும்."

இவருடைய பழைய பெனியனை ஆறாக வெட்டினேன்.
"நான் இன்னும் இருக்கிறன், தெரியுமோ" என்றார்.
ஆறு இடத்தில், ஒரு சாண் ஆழத்தில்.
அடையாளத்துக்குத் தடி நட்டு
சிவப்புச் சீலை கட்டுவமோ என்றார்.
வேண்டாம்.
கண்ணிவெடி எடுத்தவர்கள் தங்கள் சிவப்புத் தடிகளைப்
பிடுங்கிக்கொண்டு போய் நாலு மாதம்தான்.
கிளுவைக் கதியால் ஆறு வெட்டி ஊன்றினேன்.

மாசியில் தாட்டது. சித்திரையில் தோண்டினேன்.
ஆறும் வந்தன.
தோய்த்துக் காயவைத்துத் தைத்தால்
இவர் திரும்பவும் போடலாம்.
அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு வேலை.
ஏழாலையிலிருந்து ஆட்டெரு.
மாவிட்டபுரத்தில் ஆரோ கழித்த பூவரசங் குழை, வேப்பங் குழை.
கான் வெட்டி, தாழ்த்து, மூடி,
ஐப்பசி முதல் மழைக்குச் சணல் விதைத்து,
பூக்கமுன் மடக்கி உழுது.
யூரியா ஒரு பை போட்டால் பச்சை தெரியும் என்றது ஊர்.
பச்சை எனக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் காசுக்கு வரவில்லை.
மேற்கு ஒழுங்கையில் ஒரு வைரவர் சூலம்.
டோசர் ஓட்டியவனும் பயந்திருப்பான்.
சூலத்தையும் அதன்மேல் கவிந்த வீரை மரத்தையும்
சுற்றிப் போயிருந்தான்.
அதன் கீழே கறுத்த, ஈரமான, மணக்கிற மண்.
மழை விழுந்த மணம் அல்ல,
அதற்கும் அடியில் உள்ளது.
கற்பூரம் கொளுத்தி, மன்னிப்புக் கேட்டு,
ரெண்டு வாளி அள்ளினேன்.
பாலுக்கு உறை விடுகிறமாதிரி
கானுக்குக் கான் ஒரு பிடி.

அடுத்த வருஷம்
நடாத காரை வந்தது. நடாத ஆவரசு.
ஒரு விடியற்காலை ஏழு புலுனிகள்
சருகைப் புரட்டிப் புரட்டிச் சண்டை பிடித்தன.
சண்டை பிடிக்க அதற்குள் ஏதோ இருக்கிறது.

இன்னொரு பெனியன் போனது.
இந்தமுறை இவர் வாய் திறக்கவில்லை.

கிளப்புகிற நாள் வேலிக்கு அங்காலே சந்திரகாந்தி நின்றாள்.
மண்ணுக்குள்ளிருந்து துணி வருகிறதைக் கண்டால்
இந்த ஊரில் ஆரும் அப்படித்தான் நிற்பார்கள்.
நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேணும்.

முதல் துண்டு சல்லடை.
மூன்றாவதில் விளிம்புத் தையல் மட்டும்,
அதற்குள் சுருண்டு ஒரு மண்புழு,
என் சின்னவிரல் அளவு.

"எல்லாத்தையும் தின்னுமோ?" என்றாள்.
பருத்தியைத் தின்னும் என்றேன்.
"ரெற்றோனை?"
தின்னாது. பார், நைலோன் நூல் அப்படியே கிடக்கு.

கனநேரம் நூலைப் பார்த்தாள்.
தொண்ணூற்றாறில் அவளுடைய தம்பி
ரியூசனுக்குப் போட்டுக்கொண்டு போனது
நீலக் கோடன் சேட்டு.
என்ன துணி என்று நான் கேட்கவில்லை.
அவள் சொல்லவுமில்லை.

மற்ற மூன்றையும் தோண்டவில்லை.
அந்தக் கதியால்கள் துளிர்த்துவிட்டன,
அதுதான் காரணம் என்று இவருக்குச் சொன்னேன்.

இருட்டுகிற நேரம் வெறும் வாளியோடு வந்தாள்.
"என்ர வளவுக்கும் கொஞ்சம் உறை தா."
அள்ளிக் கொடுத்தேன்.
வாளி விளிம்பில் ஏறிய புழு ஒன்றை
விரலால் மெல்ல
உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.